விஷத்தை இறைத்துக் கொட்டும் புரதம்
(கள்ளக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு வஸ்துவைப் பற்றியதாகும். ஆனால் அது இங்கு கூடியிருக்கிற ஒவ்வொருவருடைய குடலிலும் ஈரலிலும் மூளையிலும் இந்த நிமிஷத்திலும் வேலை செய்துகொண்டிருக்கிறது. இதைப் பேச வேண்டுமென்று தோன்றியதற்குக் காரணம், சென்ற தடவை நாம் இங்கு வந்திருந்தபோது கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு தோழர் கேட்ட கேள்வியேயாகும். அவர் வீட்டில் ஒரு அம்மாளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றியவுடன் கட்டி பாதி கரைந்ததாம். சில மாதங்கள் கழித்து அதே மருந்து ஒன்றும் செய்யவில்லை. வேறு மருந்து கொடுத்தார்கள். அந்த உடம்பு அதுவரை கண்டறியாத அந்த மருந்தும் பலிக்கவில்லை. "போன ஜென்மத்துப் பாவம், மருந்தைக்கூட ஏற்கவிடவில்லை" என்று ஊரார் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாளும் அதை நம்பிவிட்டார். "நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று தோழர் கேட்டார். அன்று நமக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லிவிட்டுப் போய்ப் படித்துப் பார்த்தோம். கிடைத்ததை இப்போது சொல்லுகிறோம்.

வேலியோரத்தில் கார்த்திகைப்பூ பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். செங்காந்தள் என்று பெயர் வைத்து நம் மாநிலத்து மலராக்கியிருக்கிறார்கள். அதன் கிழங்கைத் தின்றால் சாவு என்பது கிராமத்துக் குழந்தைக்கும் தெரியும். அந்த விஷத்துக்குக் கால்ச்சிசின் என்று பெயர். 1976-ல் கனடா தேசத்து டொரோண்டோவில் ஜூலியானோ, லிங் என்ற இருவர், எலியினத்தைச் சேர்ந்த ஹாம்ஸ்டர் என்னும் பிராணியின் உயிரணுக்களில் கால்ச்சிசினுக்குச் சாகாதவற்றை ஆராய்ந்தார்கள். அந்த உயிரணுக்களின் மேல்தோலில் ஒரு புரதம் மிகுதியாக இருக்கக் கண்டு, அதற்குப் பி-கிளைக்கோபுரோட்டீன் என்று பெயர் கொடுத்தார்கள். (நம் கல்வராயன் மலை ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசாங்கத்தின் கைக்கு வந்ததும் அதே 1976-ல்தான். உலகம் உயிரணுவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நம்மவர்கள் ஜமீன் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்!) ஆச்சரியம் என்னவென்றால், கால்ச்சிசினுக்குச் சாகாத அந்த உயிரணுக்கள், முன்பின் கண்டிராத வேறு பல மருந்துகளுக்கும் சாகவில்லை.

அது எப்படி வேலை செய்கிறது? மனித உடம்பில் அது 1280 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. இரண்டு பாதியாக மடிந்திருக்கிறது. பாதிக்கு ஆறாகப் பன்னிரண்டு சுருள்கள் உயிரணுவின் கொழுப்புச் சுவரைத் துளைத்து நிற்கின்றன. கவலை இறைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சால் கீழே வாய் திறந்து கிடக்கிறது. மருந்து அதில் வந்து விழுகிறது. சுவருக்குள் நுழைந்துகொண்டிருக்கும்போதே பிடிபடுவதும் உண்டு. மாடு இரண்டு பூட்ட வேண்டும். இங்கே அந்த மாடுகள் ஏ.டி.பி. என்ற சக்திப்பொருளின் இரண்டு துண்டுகள். அவை வந்து சேர்ந்தவுடன் கீழ்வாய் மூடி மேல்வாய் திறந்து, உள்ளே இருந்தது வெளியே கொட்டப்படுகிறது. ஏ.டி.பி. சிதைந்ததும் சால் பழையபடி கீழே திரும்புகிறது. மனிதப் புரதம் இப்படி மேல்வாய் திறந்து நிற்கும் நிலையை 2018-ல் நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தார், உறையவைத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமே எடுத்துவிட்டார்கள்.

இந்தக் காவல்காரன் வருகிறவனுடைய குலம் கோத்திரம் கேட்பதில்லை. கொழுப்பில் ஒட்டும் தன்மையும் ஓரளவு பருமனும் இருந்தால், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எத்தனையோ மருந்துகளைத் தள்ளிவிடுகிறான். காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1994-ல் ஆம்ஸ்டர்டாமில் ஷிங்கெல் என்பவரும் கூட்டாளிகளும் எலிகளுக்கு இந்தப் புரதம் இல்லாமல் செய்தார்கள். எலிகள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு உண்ணி போக்க ஐவர்மெக்டின் தெளித்தார்கள். மற்ற எலிகள் பிழைத்திருக்க, இவை செத்து விழுந்தன. மூளையில் பார்த்தால் மருந்து 80 மடங்குக்கு மேல் ஏறியிருந்தது.

இதைக் கேட்டுவிட்டு, "பழகின உடம்புக்கு எந்த விஷமும் ஏறாது" என்று சாராயக் கடையில் பேசுவதற்கு யாரும் நம்மைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம். 2024 ஜூனில் இதே ஊர்க் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். மெத்தனால் மிகமிகச் சிறியது. தண்ணீரைப்போல் சுவரில் கசிந்துவிடும். சாலில் நிற்காததை எப்படி இறைப்பது? கொலை செய்வதும் மெத்தனால் அல்ல. அதை ஈரல் பார்மிக் அமிலமாக மாற்றிவிடுகிறது, அதுதான் கண்ணையும் உயிரையும் பறிக்கிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கவுட் என்னும் மூட்டுவலிக்குக் கால்ச்சிசினையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பிடுகிறவர், சளிக்கென்று கடையில் தானாகக் கிளாரித்ரோமைசின் வாங்கிப் போட்டுக்கொண்டால், அது இந்தக் காவலையும் கட்டிப்போட்டு, மருந்தைச் சிதைக்கும் ஈரலின் வேலையையும் தடுத்துவிடுகிறது. அளவான மருந்தே விஷமாகிச் செத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே ஒரு டாக்டரிடம் போகும்போது, மற்றொருவர் கொடுத்ததை மடியில் மறைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இனித் தோழருடைய கேள்வி. கட்டியில் கோடிக்கணக்கான உயிரணுக்கள். அவற்றில் சிலவற்றில் இந்தப் புரதம் அதிகமாக இருக்கும். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் போன்ற மருந்து மற்றவற்றைக் கொல்லும். இந்தச் சில மட்டும் இறைத்துக் கொட்டித் தப்பி, பிள்ளை பெருக்கும். மிஞ்சுவது இவற்றின் வம்சம். மருந்து தோற்பதற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும் இது ஒரு முக்கியமான காரணம். இதில் பாவம் எங்கே இருக்கிறது? அப்படியானால் அந்தச் சாலை உடைத்தாலென்ன என்பீர்கள். 1981-ல் ஜப்பானியர், வெராபமில் என்ற இருதய மருந்து இதைத் தடுக்கும் என்று கண்டார்கள். அதற்குப்பின் எத்தனையோ மருந்துகளைச் சோதித்தும் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. ஏனெனில் கட்டியின் காவலை நிறுத்தினால் குடலின் காவலும் ஈரலின் காவலும் சேர்ந்தே நின்று, மருந்தே நோயாளியை வாட்டுகிறது.

ஆனால் பிளாட்டினம் சேர்ந்த சிஸ்பிளாட்டின் முதலியவற்றை இந்தப் புரதம் இறைப்பதில்லை. அந்தத் தோழர் இன்று வந்திருந்தால், அப்படிப்பட்டது ஏதாவது அந்த அம்மாளுக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கேட்டுப் பார்க்கட்டும். கூட்டம் முடிந்ததும் நம்மையும் வந்து பார்க்கட்டும். மருந்தின் பெயர்களைத் தாளில் எழுதிக் கொண்டு வந்திருக்கிறோம்.