பிறந்தநாளை வைத்துப் பூட்டாதீர்கள்



வாசகர் வட்டம், முகநூல் பக்கம், யூடியூப் சேனல் என்று நாம் நடத்துகிறவற்றின் கடவுச்சொல்லை வெளியாள் ஒருவர் ஊகிக்க நினைத்தால் எதில் தொடங்குவார்? ஜெய்பீம்1891. அடுத்து பெரியார்1879. நம்மை வெறுப்பவர்களுக்கும் இந்த ஆண்டுகள் தெரியும். நாம்தானே ஆண்டுதோறும் சுவரொட்டி ஒட்டிச் சொல்கிறோம்!

பக்கம் பறிபோனால் இன்னொன்று தொடங்கிக்கொள்ளலாம். ஆனால் பலர் அதே கடவுச்சொல்லைத்தான் கூகுள் டிரைவுக்கும் வைத்திருக்கிறார்கள். விடுதியிலும் ஆய்வகத்திலும் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட மாணவர்கள் நம்மை நம்பிக் கொடுத்த வாக்குமூலங்கள், பெயரும் துறையுமாக அங்கே இருக்கின்றன. புகார் கொடுக்கும் முன்பே அவை எதிர்த்தரப்பின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அதனால் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கணினியிடம் விடுவோம். பைத்தான் மொழியில் 'சீக்ரெட்ஸ்' என்ற சிறு நிரல் நூலகம் இருக்கிறது. 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பிலிருந்து பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. ஆங்கிலச் சிறிய எழுத்து 26, பெரிய எழுத்து 26, எண்கள் 10 ஆக 62 குறிகளைக் கொடுத்து, அதன் 'சாய்ஸ்' கட்டளையை 16 முறை ஓடவிட்டால் கடவுச்சொல் தயார். நான்கைந்து வரிதான். நூறு ஆண்டுகளின் பிறந்ததேதிகளை எல்லாம் கூட்டினாலும் சுமார் 36,500. இதிலோ வாய்ப்புகளின் எண்ணிக்கை 29 இலக்கம்.

ஒரு எச்சரிக்கை. 'ரேண்டம்' என்று இன்னொரு நூலகம் உண்டு. அதிலும் 'சாய்ஸ்' இருக்கும். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அதன் உள்ளே இருப்பது மெர்சென் ட்விஸ்டர் என்ற கணக்குமுறை. அது தரும் 32 பிட் எண்களில் அடுத்தடுத்து 624 கிடைத்துவிட்டால், 625-வது என்னவென்று கணக்கிட்டே சொல்லிவிடலாம். ஆய்வுக்கு மாதிரி எடுக்க நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், அதற்கு நல்ல கருவி. பூட்டுக்கு ஆகாது. சீக்ரெட்ஸ் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. இயங்குதளம் கணினிக்குள் நிகழும் ஒழுங்கற்ற அசைவுகளிலிருந்து திரட்டி வைத்திருப்பதைக் கேட்டு வாங்குகிறது.

இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது? வைக்க வேண்டாம். கீபாஸ்எக்ஸ்சி போன்ற கட்டற்ற மென்பொருள் பெட்டகத்தில் போட்டுவிடுங்கள், காசு கிடையாது. பெட்டகத்தின் சாவி ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும். அதற்கு லூடோ கட்டையே போதுமானது. ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் 1995-ல் முன்வைத்த 'டைஸ்வேர்' முறையில், ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொற்கள் எடுங்கள். பிடிக்காத சொல் விழுந்தாலும் மாற்றக் கூடாது. மாற்றினால் மறுபடியும் நம் மனசுதான் தேர்ந்தெடுக்கிறது.

பொறுப்பிலிருந்து ஒருவர் விலகினால் அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள். அவர்மீது சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, வாசகசாலைச் சாவியை ஒப்படைப்பது போலத்தான். புதிய சொல்லை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் திறங்கள். இல்லாத தோழர்கள் பக்கத்தில் உட்காருங்கள். டிரைவிலிருந்து தொடங்குவோம்.