கீனாய் வழக்கைக் காத்த கை



மொழி ஒன்று ஒரே நாளில் மறைவதில்லை. அதன் வட்டார வழக்குகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தபின்னரே மறைகிறது. அலாஸ்காவின் தென்பகுதியில், குக் வளைகுடாவைச் சூழ்ந்து வாழும் தெனைனா மக்களின் மொழி இதற்குச் சான்று.

தெனைனா, அதபாஸ்கன் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அலாஸ்காவில் அக்குடும்பத்து மக்கள் பெரும்பாலும் உள்நாட்டு ஆற்றோரங்களில் வாழ, கடலோரத்தைத் தாயகமாகக் கொண்டவர் தெனைனா மக்களே. மேல் வளைகுடா, வெளி வளைகுடா, இலியாம்னா, உள்நாடு என நான்கு பெரும் வழக்குகள் அம்மொழிக்கு உண்டு. அலாஸ்காவின் மிக உயர்ந்த மலையை மேல் வளைகுடாவினர் ‘த்கெலாய் காஅ’ என்பர். மற்றையோர் ‘த்கிலி காஅ’ என்பர். இரண்டிற்கும் பெருமலை என்பதே பொருள். சொல்லின் உயிரொலியே பேசுபவரின் ஊரைக் காட்டிவிடும்.

பள்ளிகள் ஆங்கிலத்தை மட்டுமே ஏற்றன. தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர். வளர்ந்தபின் அவர்கள் தம் பிள்ளைகளிடம் அம்மொழியைப் பேசத் தயங்கினர். கீனாய்ப் பகுதியில் வழங்கிய வெளி வளைகுடா வழக்கு விரைந்து அருகியது.

அவ்வழக்கிற்கு உரியவர் பீட்டர் கலிபோர்ன்ஸ்கி (1911–1993). ருஷ்யர் ஆட்சிக்காலத்தில் கலிபோர்னியாவின் ராஸ் கோட்டையில் பணிபுரிந்து திரும்பிய மூதாதை ஒருவரால் அக்குடும்பத்திற்கு இப்பெயர் வாய்த்தது. அயல்மண்ணில் ஊரை நினைந்து அம்மூதாதை கட்டிய பாடல் தலைமுறைகள் கடந்து வாய்மொழியாகவே வாழ்ந்தது.

1970களில், அறுபது வயதைக் கடந்தபின், மொழியியலாளர் ஜேம்ஸ் காரியின் துணையோடு கலிபோர்ன்ஸ்கி தம் மொழியை எழுதப் பழகினார். பழங்கதைகள், பாடல்கள், நம்பிக்கைகள், இடப்பெயர்கள் என எழுதிக்கொண்டேயிருந்தார். அவை ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1991இல் பெருநூலாக வெளிவந்தன. இறுதியில் அவ்வழக்கைத் தங்குதடையின்றிப் பேச அவர் ஒருவரே எஞ்சியிருந்தார் என்பர்.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இதுவே: அவர் எழுதத் தொடங்கியபோது அவ்வழக்கில் அவரைப் படிக்க ஏறக்குறைய எவருமில்லை. ஆயினும் இளமையில் கேட்ட ஒலியை, கேட்டவாறே எழுதினார். இன்று கீனாயில் அம்மொழியைக் கற்க முனைவோர் அவ்வெழுத்தையே நாடுகின்றனர்.

2014இல் அலாஸ்கா மாநிலம் தெனைனா உள்ளிட்ட 20 பூர்வகுடி மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி வழங்கியது. சட்டம் ஒரு மொழிக்கு மதிப்பைத் தரலாம். இழந்த சொற்களைத் தர அதனால் இயலாது. கீனாய் வழக்கின் சொற்களை முதியவர் ஒருவர் முன்னரே எழுதிவைத்திருந்தார். வாசகர் வருமுன்னரே எழுதிவைப்பதும் இலக்கியப் பணியே.