தீயணைப்புப் பணியும் நம் இளைஞர்களும்



1989ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், கெடா மாநிலத்தின் யான் வட்டாரத்துப் பாடாங் லூமாட்டில் ஒரு சமயப் பள்ளியின் பலகை விடுதிகள் தீக்கிரையாயின. மாணவியர் 27 பேர் மாண்டனர். மாற்றுச் சமயத்தாரின் பிள்ளைகளாயினும், அச்செய்தி கேட்டுக் கலங்காத தாயுள்ளம் இம்மாநிலத்தில் இருந்திராது. பலகை வீடு எத்துணை விரைவில் எரியும் என்பதைத் தோட்டத்து லயங்களில் வளர்ந்தோர் நன்கறிவர்.

தீ சுடுவதற்கு முன்பே புகை உயிரைப் பறித்துவிடுகிறது. புகை மேலே பரவும். தரையை ஒட்டித் தவழ்ந்து செல்பவருக்கே மூச்சு கிடைக்கும். கொதிக்கும் எண்ணெயில் தீப்பற்றினால் நீரூற்றலாகாது. இத்தகைய பாடங்களை இடைநிலைப்பள்ளிகளில் இயங்கும் தீயணைப்பு மீட்புக் காடட் படை கற்பிக்கின்றது. அணிநடை, முதலுதவி, தீயணைப்புக் கருவியைக் கையாளுதல் ஆகியவையும் அதில் அடங்கும். கற்பூரமும் நெய்விளக்கும் நாள்தோறும் எரியும் ஆலயத்தில் இவற்றை அறிந்த இளைஞர் இருவரேனும் இருத்தல் நலமன்றோ!

மருத்துவர், வழக்கறிஞர் என்னும் இரு கனவுகளுக்கு அப்பால் நம் பெற்றோர் சிந்திப்பது அரிது. பிள்ளை பொம்பாவில் சேர விரும்பினால், "உயிருக்கு ஆபத்து" என்று தடுக்கின்றனர். அவ்வச்சம் பொய்யன்று. 2018ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் பூச்சோங்கில், ஈயக் குட்டையில் மூழ்கிய பதின்ம வயதுச் சிறுவனைத் தேடி இறங்கிய மீட்பு வீரர் அறுவர் உயிரிழந்தனர். இதனை மறைத்துப் பிள்ளைகளை அழைப்பது நேர்மையாகாது. ஆயின், 2021இல் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த வெள்ளம் யானைத் தாக்கியபோதும், 2022இல் பாலிங் வெள்ளத்தில் மூழ்கியபோதும் மக்கள் எதிர்நோக்கியது இவ்வீரர்களைத்தான். வெள்ளம் எந்த வீட்டையும் இனம் பார்த்துத் தாக்கவில்லை. உதவிக்குச் செல்லும் வண்டியில் மட்டும் நம் பிள்ளைகள் அரிதாக இருப்பானேன்?

1976 முதல் கூட்டரசின் கீழ் இயங்கும் இத்துறைக்கு 1997இல் 'மீட்பு' என்ற சொல்லும் பெயரில் சேர்ந்தது. எஸ்.பி.எம். சான்றிதழும் உடற்தகுதியும் உள்ளோர் பொதுச் சேவை ஆணையத்தின் வழி விண்ணப்பிக்கலாம். தேசிய மொழித் தேர்ச்சியை இறுதி ஆண்டில் எண்ணிப் பயனில்லை. முதலாம் படிவத்திலேயே கருத்தூன்ற வேண்டும். பல்கலைக்கழகம் நாடுவோர்க்கும் இழப்பில்லை. நுழைவுத் தகுதியில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளுக்கே உரியது.

பள்ளி ஆண்டின் தொடக்கத்தில் சீருடை இயக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து பேச வேண்டும். தம் பள்ளியில் இப்படை இல்லையெனில், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்.