தேத்தண்ணியில் பிடித்த மிச்சம்

(தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



சிக்கனத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வீட்டுச் சிக்கனத்தை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. அரைக் கிலோ மாவில் ஐந்து பேருக்கு ரொட்டி சுடுகிறவர்கள் நீங்கள். நான் பேசப்போவது தோட்டத்துச் சிக்கனம்.

1992இல் அரசாங்கத் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. தேயிலை விலை இறங்கினாலும் உரத்தின் விலை ஏறினாலும் கம்பனி செலவைக் குறைக்கத்தான் பார்க்கும். அதைக் குற்றம் சொல்ல முடியாது. தோட்டம் படுத்துவிட்டால் நமக்கும்தானே கஷ்டம்? ஆனால் எதில் குறைப்பது என்று யோசிக்க வேண்டும்.

நான் முன்பு வேலை செய்த ஒரு தோட்டத்தில் பத்து மணிக்கு மலைக்குத் தேத்தண்ணி வரும். வயதான ஒருவர் காய்ச்சி, வாளியில் கொண்டுவருவார். ஒரு வருஷம் செலவு கூடிவிட்டதென்று அதை நிறுத்தி, அவரைப் புல்லு வெட்டப் போட்டார்கள். "அவங்கவங்க போத்தல்ல கொண்டு வரட்டுமே, இதுல என்னா கொறைஞ்சிடும்?" என்று பேச்சு. நானும் அப்போது வாய் திறக்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தில்தான் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். யார் மாசமாக இருக்கிறாள், யார் பிள்ளைக்குக் காய்ச்சல், எந்த நிரையில் குளவிக்கூடு, எல்லாம் அங்கேதான் பேசப்படும். அது நின்றதும் ஆளுக்கொரு நிரையில் தனியாக நின்று குடித்தார்கள். இரண்டு மாதத்தில் ஒரு கூடு கலைந்தது. மேலே கொழுந்து எடுத்தவர்கள் அதை முதல் நாளே கண்டிருந்தார்கள். கீழே இருந்தவர்களுக்குச் சேதி போகவில்லை. ஆறு பேரை லொறியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றினோம். மறுநாள் பிரட்டுக்குப் பாதிப் பேர் வரவில்லை. அப்போ மிச்சம் எங்கே?

பிறகு மாதர் சங்கத்துப் பெண்கள் துரைக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். "சீனி நாங்க கொண்டு வாறோம், ஆளை மட்டும் தாங்க." துரையும் சம்மதித்தார். தேத்தண்ணி திரும்ப வந்தது.

சம்பளத்திலும் இப்படிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வருகைக்கு 60, உற்பத்திக்கு 140. 2019இல் அடிப்படை 700 ஆனது, அந்த இரண்டு கொடுப்பனவும் நின்றன. 200 வந்தது, 200 போனது. அடிப்படை கூடினால் சேமலாப நிதியும் கூடும், அது நல்லதுதான். ஆனாலும் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் கணக்குப் பேச வேண்டும்.

இன்னொன்றை மனதில் வையுங்கள். சேமலாப நிதிக்குத் தோட்டம் கட்டும் 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், பிரசவ லீவு, ஐந்து வருஷம் வேலை செய்தவருக்குப் பணிக்கொடை, இவையெல்லாம் சட்டம். சிக்கனம் என்று சொல்லி யாரும் தொட முடியாது. தேத்தண்ணி போன்றவை வழக்கத்தில் வந்தவை. அவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் லயத்துக்குள் முணுமுணுக்காதீர்கள். கூடிப் பேசி, எழுத்தில் கேளுங்கள்.

உத்தியோகத்தர்களுக்கும் ஒரு வார்த்தை: செலவைக் குறைக்குமுன் மலையில் நிற்கிறவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். அதற்குக் காசு செலவில்லை.