உலக யுத்தமும் காதல் கதையும்



நான் வசிக்கும் லோஹேகாவ், புனே நகரத்தை அடுத்துள்ள ஒரு பழைய கிராமம். துக்காராம் சுவாமிகளின் தாயார் பிறந்த ஊர் என்று இவ்வூரார் பெருமையுடன் சொல்லிக்கொள்வார்கள். வெளியூராருக்கோ லோஹேகாவ் என்றால் விமானத்தளம் ஒன்றுதான் நினைவுக்கு வரும். இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939-ஆம் ஆண்டில், பம்பாய் நகரத்தின் வான்காவலுக்கென்று ஆங்கிலேயர் இத்தளத்தை அமைத்தார்கள். வெல்லிங்டன், லிபரேட்டர் முதலிய குண்டுவீச்சு விமானங்கள் இங்கே இறங்கி ஏறியதுண்டு. இன்று இது இந்திய விமானப் படையின் தளம். பிரயாணிகளின் விமானங்களும் இதே ஓடுபாதையைப் பயன்படுத்துகின்றன. இரவில் ஒரு விமானம் கூரைக்கு மேலே உறுமிச் செல்லும்போது, கையிலுள்ள புத்தகத்தைச் சற்றே மூடிவைத்துவிட்டு, ஓசை அடங்கிய பின் மீண்டும் திறப்பது என் வழக்கம். அப்படி மூடியும் திறந்தும் நான் படித்த சில கதைகளைப் பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறேன். அவை உலக யுத்தங்களின் நடுவே நிகழும் காதல் கதைகள்.

சரித்திர நாவல் என்றதும் நம் தமிழ் வாசகர் மனத்தில் குதிரைகளின் குளம்போசை கேட்கத் தொடங்கிவிடும். சோழனும் பல்லவனும், சுரங்க வழியும், முத்திரை மோதிரமும் கண்முன் தோன்றும். நம் பாட்டன்மார் காலத்தில் நடந்ததும் சரித்திரம்தான் என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்தது. 1942-ல் ரங்கூனை ஜப்பானியர் நெருங்கியபோது பதினாயிரக் கணக்கான தமிழர் காடும் மலையும் கடந்து கால்நடையாக ஊர் திரும்பினர். சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக மாண்டனர். இவையெல்லாம் நம்முடைய சரித்திரம் அல்லவா?

இன்னொரு கேள்வியும் எழலாம். இத்தனை பெரிய துயரத்தின் நடுவே காதலுக்கு என்ன வேலை? கசப்பு மருந்துக்குத் தேன் குழைப்பது போல, யுத்தக் கதையை விற்பதற்காகக் காதலைச் சேர்க்கிறார்கள் என்று குறை கூறுவோர் உண்டு. சில நூல்களைப் பொறுத்தவரை அக்குறை நியாயமானதே. ஆனால் தமிழுக்கு இந்தச் சேர்க்கை புதியதன்று. ஓதல், தூது, பகை என்று பிரிவுக்குக் காரணம் வகுத்தபோதே, போருக்குச் சென்றவனையும் வீட்டில் இருந்தவளையும் நம் முன்னோர் ஒரே பாட்டுக்குள் நிறுத்திவிட்டார்கள். நக்கீரரின் நெடுநல்வாடையில் அரசி தந்தக் கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். அரசனோ நள்ளிரவில் பாசறையில், புண்பட்ட வீரரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். இருவரும் சந்திப்பதேயில்லை. ஆயினும் ஒருவர் நிலை மற்றவர் நிலையை நமக்கு விளக்கிவிடுகிறது.

முதல் உலக யுத்தத்தைப் பற்றி இந்திய மொழிகளில் எழுந்த கதைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது ஹிந்தியில் உள்ளது. சந்திரதர் சர்மா குலேரி எழுதி 1915-ல் 'சரஸ்வதி' பத்திரிகையில் வெளியான சிறுகதை அது. யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது. 'உஸ்னே கஹா தா' என்பது அதன் பெயர். 'அவள் சொல்லியிருந்தாள்' என்று பொருள். அமிருதசரஸ் கடைத்தெருவில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சந்திக்கிறான். உனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் கேலியாகக் கேட்கிறான். அவள் வெட்கி ஓடுகிறாள். ஒரு நாள், ஆகிவிட்டது என்று பதில் வருகிறது. அன்று வீடு திரும்பும் வழியில் அவன் ஒரு பையனைச் சாக்கடையில் தள்ளுகிறான். ஒரு நாயைக் கல்லால் அடிக்கிறான். காதல் என்ற சொல்லே இல்லாமல் காதலைச் சொல்லிவிடுகிறார் ஆசிரியர்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அச்சிறுவன் ஜமேதார் லஹனா சிங். அப்பெண் அவனுடைய சுபேதாரின் மனைவி. தன் கணவனையும் மகனையும் காப்பாற்றும்படி அவனிடம் வேண்டிக்கொள்கிறாள். பிரெஞ்சு நாட்டுப் பதுங்குகுழியின் கடுங்குளிரில், காய்ச்சலில் நடுங்கும் அம்மகனுக்குத் தன் கம்பளியைப் போர்த்துகிறான் லஹனா சிங். சண்டையில் தான் பட்ட காயத்தை மறைத்துக்கொண்டு, தந்தையையும் மகனையும் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறான். கதையின் கடைசி வரி, பத்திரிகையில் வரும் மரணப் பட்டியலின் ஒரு பதிவைப் போல் அமைந்திருக்கிறது. படையின் பெயர், பதவி, ஆளின் பெயர் என்று அவ்வளவே. முதல் யுத்தத்தில் மாண்ட இந்திய வீரர் சுமார் 74,000 பேர் என்று படித்திருக்கிறேன். அந்தப் பட்டியலின் ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்திருக்கும் என்பதை எனக்குக் காட்டியது இக்கதை.

இனித் தமிழுக்கு வருவோம். கல்கியின் 'அலை ஓசை' 1934-ஆம் ஆண்டின் பீகார் பூகம்பத்திலிருந்து 1948 வரையுள்ள காலத்தைத் தழுவியது. சீதாவின் இல்வாழ்க்கை சிதைவதையும் தேசத்தின் கொந்தளிப்பையும் அது பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுகிறது. ஆனால் யுத்தத்தின் நடுவிலேயே நின்று எழுதியவர் என்று நான் கருதுவது ப. சிங்காரத்தைத்தான்.

சிவகங்கைச் சீமையின் சிங்கம்புணரியில் 1920-ல் பிறந்த சிங்காரம், 1938-ல் சுமத்திராத் தீவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்றார். ஜப்பானியர் வந்ததையும் போனதையும் அங்கிருந்தே கண்டார். அங்கே மணந்துகொண்ட மனைவியையும், பிறந்த குழந்தையையும் பிரசவத்தில் பறிகொடுத்தார். யுத்தத்துக்குப் பின் மதுரைக்குத் திரும்பி, தினத்தந்தி அலுவலகத்தில் நெடுங்காலம் பணி புரிந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. 'கடலுக்கு அப்பால்' கலைமகள் போட்டியில் பரிசு பெற்று 1959-ல் நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்துப் பல ஆண்டுகள் காத்திருந்த பின் 1972-ல்தான் அச்சேறியது. 1997-ல் அவர் காலமானார்.

'கடலுக்கு அப்பால்' நாவலின் களம் பினாங்கு. வட்டிக்கடையில் வேலை பார்த்த செல்லையா என்னும் இளைஞன் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். யுத்தம் முடிந்து பழைய முதலாளியிடம் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனை விரும்புகிறாள்; அவனும் அவளை விரும்புகிறான். முதலாளி வானாயீனா கெட்டவரல்லர். ஆனால் துப்பாக்கி ஏந்திய கை இனிப் பேரேட்டைப் பொறுமையாகப் புரட்டுமா என்ற அச்சம் அவருக்கு. கடையையும் மகளையும் அடக்கமான கணக்குப்பிள்ளை ஒருவனிடம் ஒப்படைப்பதே நலம் என்று நினைக்கிறார்.

இந்த இடம் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. இத்தாலியப் போர்முனையில் காயமுற்று, மருத்துவமனைத் தாதியிடம் மனத்தைப் பறிகொடுத்த எர்னஸ்ட் ஹெமிங்வே, 1929-ல் எழுதிய நாவலில் காதலியை மரணம் பிரிக்கிறது. செல்லையாவையோ குண்டும் பிரிக்கவில்லை, கடலும் பிரிக்கவில்லை. காடுகளில் திரிந்து, சாவைப் பலமுறை கண்டு தப்பி வந்தவனை ஒரு வீட்டுக் கூடத்தில் அமர்ந்த பெரியவரின் தீர்மானம் பிரித்துவிடுகிறது. யுத்தம் அவனைக் கொல்லாமல் விட்டது. ஆனால் பழைய வாழ்வுக்குப் பொருந்தாதவனாக ஆக்கி விட்டது. இருவரும் தந்தையை மீறி ஓடிவிடவில்லை. இழப்பை ஏற்றுக்கொண்டு விலகுகிறார்கள். இது கோழைத்தனமா, பெருந்தன்மையா? மூன்று முறை படித்தும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை. ஆசிரியரும் நம்மை அவசரப்படுத்துவதில்லை.

இந்நாவல் எனக்கு நெருக்கமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் பாட்டனாரும் பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடிந்து ஊருக்குத் திரும்ப வேண்டிய சமயத்தில் யுத்தம் வந்துவிட்டது. 1941-ஆம் ஆண்டு இறுதியில் தபால் நின்றது. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அவர் இருக்கிறாரா இல்லையா என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. பாட்டி அக்காலத்தை ஆண்டுக் கணக்கால் சொல்லமாட்டார். 'கடுதாசி நின்ற காலம்' என்பார். நெல் விலை ஏறியதையும், மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றதையும் விவரமாகச் சொல்லுவார். தன் மனம் பட்ட பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பாட்டனாரும் திரும்பி வந்த பின் அங்கே கண்டதைச் சொன்னதில்லை. ஒரே திண்ணையில் நாற்பது ஆண்டுகள் அருகருகே உட்கார்ந்திருந்த இருவரும், தாம் பிரிந்திருந்த அந்த நான்கு ஆண்டுகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்களா என்பதுகூட எனக்குத் தெரியாது.

கேட்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை. அவர்கள் மறைந்த பின் சிங்காரத்தின் நாவலைப் படித்தபோது, பினாங்குத் தெருக்களில் என் பாட்டனாரைத் தேடினேன். மரகதத்தின் மௌனத்தில் பாட்டியின் மௌனம் எனக்கு ஓரளவு புரிந்தது. சரித்திர நூலில் பினாங்கின் மீது குண்டு விழுந்த தேதி கிடைக்கும். கடுதாசி நின்ற வீட்டின் செய்தி கிடைக்காது. அதற்கு நாவலாசிரியனிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

லோஹேகாவிலிருந்து சிறிது தூரத்தில் கட்கியில் ஒரு யுத்த மயானம் இருக்கிறது. இரண்டாம் யுத்தத்தில் இறந்த 1,668 பேர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். ஒவ்வொரு கல்லிலும் குடும்பத்தார் தம் விருப்பப்படி ஒரு வாசகம் பொறித்துக்கொள்ள அக்காலத்தில் அனுமதி உண்டு. ஆனால் குறிப்பிட்ட எழுத்து எண்ணிக்கைக்கு மேல் போகக்கூடாது என்று விதி. கடல் கடந்த ஒரு சிற்றூரில் அமர்ந்து, எழுத்துக்களை விரல்விட்டு எண்ணி எண்ணி வாசகம் எழுதிய மனைவிமார் எத்தனை பேரோ! குலேரியும் சிங்காரமும் அந்தச் சில எழுத்துக்களில் அடங்காததைத்தான் எழுதினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நூல்களைத் தேடிப் படியுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டில் எண்பது தொண்ணூறு வயதைக் கடந்த பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் பக்கத்தில் அமர்ந்து, கடுதாசி நின்ற காலம் ஒன்று உங்கள் குடும்பத்திலும் உண்டா என்று கேளுங்கள். புத்தகம் நாளைக்கும் கிடைக்கும்.