குதிரையின் கண் காத்தல்

கண்டியிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை மாத்தளைப் பள்ளத்தாக்கின் ஊடே செல்கின்றது. 19 ஆம் நூற்றாண்டிலே தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கிக் கால்நடையாக மலையகம் சேர்ந்த வழி இது. கோப்பித் தோட்டத் துரைமார் குதிரைமீதேறித் தோட்டங்களைச் சுற்றிவந்த காலமும் அதுவே. துரையின் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி, தீனி வைத்து, நோய் கண்டால் இரவு முழுதும் விழித்திருந்து பேணியவன் குதிரைக்காரன். 1880 ஆம் ஆண்டில் மாத்தளைக்குப் புகையிரதம் வந்தது. பின்னர் மோட்டார் வண்டி வந்தது. இலாயங்கள் வெறுமையாயின. குதிரைக்காரனின் கைப்பழக்கமும் அவனோடு மறைந்தது.

இன்று இலங்கையில் குதிரை என்றதும் நுவரெலியாப் பந்தயத் திடலும், அங்கே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச்செல்லும் மட்டக்குதிரைகளும், நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளுமே பலருடைய நினைவுக்கு வருவன. மாத்தளை மாவட்டத்தில் குதிரை வளர்ப்போர் மிகச் சிலரே. அந்தச் சிலருக்கு ஐயம் ஏற்பட்டால் கேட்டறிவதற்கு அயலில் அனுபவசாலி ஒருவரும் இரார். ஆகவேதான் குதிரையின் கண்ணில் காயம் பட்டால் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை முன்கூட்டியே அறிந்திருத்தல் இன்றியமையாததாகின்றது. கால் நொண்டினால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்; கண்ணுக்கு அந்தப் பொறுமை ஆகாது.

நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் மிகப் பெரிய கண்ணுடையவற்றுள் குதிரையும் ஒன்று. அக்கண்கள் தலையின் இருபக்கங்களிலும் புடைத்து நிற்கின்றன. இதனால் குதிரை தன்னைச் சுற்றியுள்ள வெளியில் ஏறக்குறைய முழுவதையும் தலை திருப்பாமலே காணவல்லது. நெற்றிக்கு நேர்முன்னும் வாலுக்கு நேர்பின்னுமே அதற்குப் புலப்படாத சிறு பகுதிகள். பகைவிலங்கைத் தொலைவிலேயே கண்டு ஓடுவதற்கு இயற்கை அளித்த இந்த அமைப்பே கண்ணுக்கு ஆபத்தையும் தேடித் தருகின்றது. புடைத்து நிற்கும் கண்ணில் முள்ளும் கிளையும் எளிதில் படும். கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள, கண்ணாடி போன்ற தெளிந்த படலமோ ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்பே உடையது. மேலும், குதிரை வெருளும் இயல்பினது. வெருண்டு தலையை வீசும் கணத்தில் எதிரே இருப்பது ஆணியா, கம்பியா என்று அது பார்ப்பதில்லை.

மாத்தளையின் நிலவமைப்பும் இங்கே கவனிக்கத்தக்கது. இரத்தோட்டை, இலக்கலைப் பக்கத்து மலைச்சரிவுகளில் கூரிய விளிம்புடைய மானாப்புல் ஆளுயரம் வளர்கின்றது. மிளகும் கொக்கோவும் செழிக்கும் தோட்டங்களில் தாழ்ந்த கிளைகள் பாதையை மறிக்கின்றன. தம்புள்ளை, கலேவலைப் பக்கத்து உலர்நிலத்திலே முட்புதர்களும் முட்கம்பி வேலிகளும் மிகுதி. சுண்ணாம்புக்கல் நிறைந்த இம்மாவட்டத்தில் சூளைகளும் உள்ளன. நீறாத சுண்ணாம்புத் தூள் கண்ணில் விழுந்தால் அது காயமன்று, வேக்காடு. ஆயினும், மிகுதியான கண் காயங்கள் காட்டிலே நேர்வதில்லை, இலாயத்திலேயே நேர்கின்றன. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, தண்ணீர் வாளியைத் தொங்கவிடும் கொக்கி, முறிந்த பலகை, தவறி வீசிய சவுக்கின் நுனி ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன.

கண்ணில் நோவு உண்டென்பதைக் குதிரை எவ்வாறு தெரிவிக்கின்றது? முதலாவது, கண்ணைச் சுருக்கும் அல்லது முற்றாக மூடிக்கொள்ளும். இரண்டாவது, கண்ணீர் இடைவிடாது வழிந்து கன்னத்து மயிரை நனைக்கும். மூன்றாவது, வெளிச்சத்தை வெறுத்து இருண்ட மூலையை நாடும். நான்காவது அடையாளம் ஒன்று உண்டு. அதைப் பழகிய கண்களே காணும். நலமான குதிரையின் மேலிமை மயிர்கள் கண்ணுக்கு நேர்க்குத்தாக வெளியே நீட்டி நிற்கும். நோவு உள்ள கண்ணில் அவை கீழ்நோக்கிச் சாய்ந்துவிடும். குதிரையின் முன்னே நின்று இரண்டு கண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இவ்வேறுபாடு புலனாகும். கண்ணில் நீலம் பூத்தாற்போலவோ பால் கலந்தாற்போலவோ மங்கல் தோன்றினால், காயம் ஆழமானது அல்லது கண்ணின் உள்ளே அழற்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளல் வேண்டும்.

இவற்றுள் எது தென்பட்டாலும் முதலாவது வேலை கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல். அவர் வரும்வரையில் செய்யக்கூடியவை சிலவே. குதிரையை நிழலான, காற்றோட்டமுள்ள இலாயத்தில் நிறுத்துக. நலமான கண்ணின் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டு அணுகுக. ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொள்ள மற்றவர் கண்ணைப் பார்ப்பதே பாதுகாப்பு. தூசியோ வைக்கோல் துரும்போ மட்டும் தென்பட்டால், கொதிக்கவைத்து ஆறிய நீர் அரை லீற்றரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பைக் கரைத்து, அந்த நீரை மெதுவாக ஊற்றிக் கழுவலாம். சுண்ணாம்பு பட்டிருந்தால் உப்புநீருக்குக் காத்திராமல், கிடைக்கும் தூய நீரையே தாராளமாக ஊற்றி, அரைமணி நேரமேனும் விடாது கழுவுதல் வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பார்வையின் விலை.

குதிரை நோவுள்ள கண்ணை முழங்காலிலும் சுவரிலும் தேய்க்க முயலும். சிறு காயத்தைப் பெருங்காயமாக்குவது இத்தேய்ப்பே. ஆதலால் அருகிலே ஒருவர் நின்று தடுத்தல் நன்று. தீனியை உயரத்தில் தொங்கவிட்டால் தூசி கண்ணில் உதிரும். தரையில் வைத்தலே தக்கது.

இனி, செய்யத்தகாதவை. கண்ணில் குத்தி நிற்கும் முள்ளை இழுத்தெடுக்கலாகாது. முள் ஆழமாகச் சென்றிருந்தால், அதனை எடுத்ததும் கண்ணின் உள்நீர் வெளியேறிக் கண்ணே குழிந்துபோகக்கூடும். இமை கிழிந்து தொங்கினால் அத்தொங்கலை வெட்டியெறிதல் கூடாது. இமைக்கு இரத்தோட்டம் நிறைய உண்டு. காலந்தாழ்த்தாது தைத்தால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெட்டியெறிந்த இமை மீண்டும் வளர்வதில்லை. மூடுவதற்கு இமையில்லாத கண் உலர்ந்து புண்ணாகும். மாட்டின் கண்ணில் பூ விழுந்தால் புகையிலைச் சாற்றை உமிழ்வதும், உப்புப்பொடியை ஊதுவதும் ஊர்ப்புறங்களில் இருந்துவந்த வழக்கங்கள். கண்ணீர் பெருகி அழுக்கைக் கழுவும் என்ற எண்ணமே இதற்குக் காரணமாயிருக்கலாம். ஆனால், புண்ணான கண்ணுக்கு அது புண்ணின்மேல் புண்.

யாவற்றிலும் பெரிய ஆபத்து வீட்டு அலுமாரியில் இருக்கின்றது. முன்னொரு முறை வாங்கி மிஞ்சிய கண் மருந்துக் குழாயே அது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் கலந்த மருந்துகள் பல உள்ளன. கண்ணின் மேற்படலத்தில் புண் இருக்கும்போது அத்தகைய மருந்தை இட்டால், செம்மை குறைந்து குணமாவது போலத் தோன்றும். உண்மையிலோ ஆறும் வலிமை குன்றி, கிருமியும் பூஞ்சணமும் பெருகி, படலமே கரைந்து துளைபடலாம். வெப்பமும் ஈரமும் உள்ள நாடுகளில், செடிகொடிகள் கீறிய குதிரைக் கண்ணில் பூஞ்சணம் பற்றுவது அறியப்பட்ட உண்மை. மாத்தளையின் மழைக்காலத்திலே இதனை மறத்தலாகாது.

வைத்தியர் வந்ததும் பச்சை ஒளிரும் சாயத்துளி ஒன்றைக் கண்ணில் இடுவார். புண் உள்ள இடத்தில் மட்டும் அச்சாயம் ஒட்டிக்கொள்ளும். எந்த மருந்து தக்கது, எது தகாது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பச்சைப் புள்ளியே. கண்மணி சுருங்கி நோவு மிகுந்திருந்தால் அதை விரிக்க அத்திரோப்பின் என்னும் மருந்து பயன்படுத்தப்படும். இதனை அளவுமீறி இட்டால் குடலின் அசைவு தளர்ந்து வயிற்றுவலி உண்டாகலாம். ஆகையால், வைத்தியர் சொன்ன வேளைக்கு மேல் ஒரு வேளையும் கூட்டலாகாது. சாணம் வழமைபோல் விழுகின்றதா என்பதையும் கவனித்தல் வேண்டும்.

காயமே இல்லாமல் கண் மங்குவதும் உண்டு. இலங்கையிலும் இந்தியாவிலும் மாடுகளின் வயிற்றறையில் செற்றேரியா என்னும் நூல் போன்ற வெண்புழு வாழ்கின்றது. மாட்டுக்கு அதனால் பெருந்தீங்கில்லை. மாட்டைக் கடித்த நுளம்பு குதிரையைக் கடிக்கும்போது அதன் குடம்பி குதிரையின் உடலிற் புகுந்து, வழிதவறிக் கண்ணை அடைகின்றது. பின்னர் கண்ணின் முன்னறை நீரில் அப்புழு நெளிந்து நீந்துவதை வெறுங்கண்ணாலேயே காணலாம். நாள் செல்லச் செல்லக் கண் வெண்மையாகி ஒளி இழக்கும். இதற்குச் சொட்டுமருந்து மட்டும் போதாது. குதிரையை மயக்கி, சிறு துளையிட்டுப் புழுவை வெளியேற்றுதலே வழி. இப்புழுவே ஆடுகளின் முள்ளந்தண்டு நாணைத் தாக்கிப் பின்னங்கால்களை முடக்குவதும் உண்டு. மாடுகளும் நீர்நிலைகளும் நிறைந்த மாத்தளையில் குதிரை வளர்ப்போர், மாட்டுப்பட்டிக்கு அருகே இலாயம் அமைக்காமலும், மாலைப்பொழுதில் நுளம்புவலை இட்டும் காத்துக்கொள்ளுதல் நலம்.

உதவி தொலைவில் இல்லை. மாவட்டத்தில் அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் இயங்குகின்றன. மாத்தளை நகரிலிருந்து கண்டி சுமார் 25 கிலோமீற்றர். அதற்கு அப்பால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும் உள்ளன. அலுவலகத்தின் தொலைபேசி இலக்கத்தை இலாயக் கதவிலேயே எழுதி வைத்தல் சிறு வேலை. நள்ளிரவில் அதன் பயன் பெரிது.

எல்லாம் செய்தும் ஒரு கண் போய்விட்டால் குதிரையின் வாழ்வு முடிந்துவிடவில்லை. ஒற்றைக் கண்ணுடன் அமைதியாக வேலை செய்யும் குதிரைகள் உண்டு. பார்வையற்ற பக்கத்திலிருந்து வருவோர் குரல் கொடுத்து வருதலும், தண்ணீரும் தீனியும் நாள்தோறும் ஒரே இடத்தில் இருத்தலும், வழியில் புதிய பொருள்களை வைக்காதிருத்தலுமே அது வேண்டுவன. ஓசையின்றி அணுகி அதை வெருட்டிவிட்டு, குதிரை முரடாயிற்று என்று அடிப்பது பெருந்தவறு.

மாடும் ஆடும் வளர்க்கும் நேயர்களுக்கும் இவ்விதிகளில் பெரும்பாலானவை பொருந்தும். இன்று மாலை தொழுவத்தையோ இலாயத்தையோ ஒருமுறை சுற்றிவந்து, விலங்கின் கண் மட்டத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைக் குறட்டால் பிடுங்கிவிடுதல் எவராலும் இயலும். அதற்கு வைத்தியரும் வேண்டியதில்லை, செலவும் இல்லை.