பச்சைக் கோடு சொல்லும் கணக்கு

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேதியியல் படித்தவனுக்கு வானத்தில் என்னய்யா வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. காலக்ஸிகளில் உள்ள வாயுவில் என்னென்ன கலந்திருக்கிறது, இடத்துக்கு இடம் அது எப்படி மாறுகிறது என்று பார்ப்பதும் ஒருவகை உப்புப் பகுப்பாய்வுதான். என்ன, சோதனைக் குழாய் பல லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது!

நம்ம லேபில் சுடர்ச் சோதனை செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நிறத்தைப் பார்த்துத் தனிமத்தைச் சொல்லுவோம். அங்கேயும் அப்படித்தான். இளம் நட்சத்திரங்களின் புற ஊதா ஒளி பட்டு வாயு மேகங்கள் ஒளிர்கின்றன. அந்த ஒளியைப் பிரித்தால் ஹைட்ரஜன் கோடுகளோடு பளிச்சென்று ஒரு பச்சைக் கோடு தெரியும். 1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ் அதைக் கண்டார். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தவில்லை. அதனால் ‘நெபுலியம்’ என்று புதுத் தனிமத்துக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். 1927-இல்தான் ஐரா போவன் குட்டை உடைத்தார்: அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன். லேபில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அந்த ஒளி வெளிவரச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை.

இங்கேதான் மாணவர்கள் கவனிக்கணும். பச்சை பளிச்சென்று இருந்தால் ஆக்சிஜன் அதிகம் என்றுதானே சொல்வீர்கள்? 1942-இல் லாரன்ஸ் ஆலர், எம்33 என்ற சுருள் காலக்ஸியின் மேகங்களை ஆராய்ந்தார். மையத்திலிருந்து வெளியே போகப்போக, ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் பச்சைக் கோடு வலுத்துக்கொண்டே போனது. அப்படியானால் ஓரத்தில்தான் ஆக்சிஜன் ஜாஸ்தியா? நேர்மாறு! 1971-இல் லெனர்ட் சியர்ல் இதை விளக்கினார்.

வெந்நீர்ப் பானையின் மூடியைத் திறந்துவைத்தால் சூடு வெளியேறுகிறதல்லவா? ஆக்சிஜன் மேகத்துக்குச் செய்வதும் அதுதான். வெப்பத்தை ஒளியாக வெளியே அனுப்பிவிடுகிறது. அது நிறைய இருந்தால் மேகம் குளிர்ந்துவிடும். குளிர் என்றால் 6,000, 7,000 டிகிரி! அந்தச் சூட்டில் பச்சை ஒளியைக் கிளப்புமளவுக்குப் பெரும்பாலான எலெக்ட்ரான்களுக்கு வேகம் போதாது; வெப்பம் அகச்சிவப்பாகப் போய்விடுகிறது. ஆக்சிஜன் கம்மியான ஓரத்தில் மேகம் சூடாகவே இருப்பதால், இருக்கிற கொஞ்சமும் பளிச்சிடுகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு. ரொம்பவே குறைந்துபோனால் கோடும் மங்கிவிடும். ஆக, ஒரே பிரகாசத்துக்கு இரண்டு விடை வரலாம்.

ஆக்சிஜன் பெரும்பாலும் சூரியனைவிட எட்டு மடங்குக்கு மேல் கனமான நட்சத்திரங்களில் சமைந்து, அவை வெடிக்கும்போது வெளியே கொட்டுகிறது. மையப் பகுதியில் வாயு அடர்த்தி அதிகம். தலைமுறை தலைமுறையாக நட்சத்திரங்கள் பிறந்து மடிந்திருக்கின்றன. ஓரத்தில் அவ்வளவு நடக்கவில்லை. நம் பால்வீதியிலும் இதே சரிவுதான். சின்னக் காலக்ஸிகள் பாடு பரிதாபம். ஈர்ப்பு குறைவாக இருப்பதால், வெடிப்பில் வந்ததைக்கூடப் பிடித்துவைக்க முடியாமல் விட்டுவிடுகின்றன. சூரியனில் சுமார் 2,000 ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஓர் ஆக்சிஜன் அணு. ‘ஒன்று ஸ்விக்கி 18’ என்ற குட்டிக் காலக்ஸியில் அதில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான்! (ஹீலியத்துக்கு மேற்பட்ட எல்லாவற்றையும் வானியலார் ‘உலோகம்’ என்பார்கள். ஆக்சிஜனும் உலோகமாம். நம்ம வேதியியல் துறையினர் மன்னிக்கணும்.)

மேகத்தின் சூட்டை நேராக அளக்க 4363 ஆங்ஸ்ட்ராமில் ஆக்சிஜனுக்கே இன்னொரு கோடு உண்டு. நல்ல சூடு இருந்தால்தான் அது எழும். பச்சைக் கோட்டுக்கும் அதற்கும் உள்ள விகிதம்தான் நமக்குத் தெர்மாமீட்டர். சங்கடம் என்னவென்றால், ஆக்சிஜன் நிறைந்த மேகங்களில் அது தேடினாலும் கிடைக்காத அளவு மங்கல். அங்கே வலுவான கோடுகளை வைத்து மறைமுகமாகத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஒரே காலக்ஸிக்கு இரண்டு முறைகளில் வரும் விடைகள் மூன்று மடங்கு, சில சமயம் அதற்கு மேலும் வேறுபடும். எம்33 போன்றவற்றில் ஓரத்தைவிட நடுவில் அதிகம் என்பதில் தகராறில்லை. எவ்வளவு அதிகம் என்பதில்தான் சண்டை. ஆய்வுக் கட்டுரையில் ஓர் எண்ணைப் பார்த்தால், எந்த முறையில் வந்தது என்று முதலில் பாருங்கள்.

2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, சுமார் 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியில் அந்த மங்கலான 4363 கோட்டையே பிடித்துவிட்டது. அது பெரிய கதை. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மீதியைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள், சொல்கிறேன்.